பயிற்சி மாப்பிள்ளை

சாய்ந்தமருது
20.05.2024

அன்பின் றிபா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முக்கிய அறிவித்தல் ஒன்று. நமது வீட்டுப் பூனை நேற்று அஸருக்குப் பின் வாப்பாவின் பயிற்சித் துவாயில் மூன்று குட்டிகளை ஈன்றுள்ளது. ஆகவே மேசையில் கையைத் தள்ளும் பயிற்சி இப்போது என் வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட்டை விரித்து நடக்கிறது. மேசை மினுங்குகிறது, சேட்டைக் கேட்காதே.

போனில் கதைத்தால் வாப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஏழு மாதமாகியும் வலது கை பாரமாகத்தான் கிடக்கிறது. உன் நிக்காஹ் தள்ளித் தள்ளிப் போவதில் உம்மா களைத்துப்போனா. "உங்கட தம்பி கை குடுக்கட்டும், நிக்காஹ்வ முடிப்பம்" என்றா. "நான் உசிரோட இரிக்கன், அவன் என்னத்துக்கு? மாப்பிள்ளைட கையப் புடிச்சு நான்தான் மகளக் குடுக்கணும்" என்று வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ யோசிக்காதே. தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நான்தான் மாப்பிள்ளை. தொப்பி போட்டு, முன்னால் இருந்து கை கொடுக்கிறேன். நேற்று அவர் பிடித்த பிடியில் என் விரல் நசுங்கிவிட்டது. அந்தப் பிடியின் படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன், பார். தெரபி மிஸ்ஸின் வேலைக்கு இனி ஆபத்துத்தான்.

உன் தம்பி,
ஸாஜித்

கண்டி
27.05.2024

அன்புத் தம்பி,

வஅலைக்கும் ஸலாம். படத்தைப் பார்த்து ஹொஸ்டலில் எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். றமீஸ் வீட்டாரும் காத்திருந்து அலுத்துப்போனார்கள். பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு விசயத்திலாவது நீ பகிடி விட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

ராத்தா

சாய்ந்தமருது
03.06.2024

அன்பின் ராத்தா,

திகதியைக் கேட்டதிலிருந்து வாப்பா காலையிலும் என்னை மாப்பிள்ளையாக்கிவிட்டார்.

படத்தை இன்னொருக்கால் பார். அதில் பிடித்திருப்பது என் விரல்கள். வாப்பாவின் பெருவிரல் சும்மா கிடக்கிறது. கையை முன்னுக்கு நீட்டுவது மட்டும் உண்மை; விரல் மடங்குவதில்லை. அண்டைக்கு "புடிச்சிட்டனா மகன்?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு ஏலாமல் போயிற்று. "ஓம் வாப்பா, நோகுது" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நோகுது.

எனக்குத் திகதியை மாற்றச் சொல்லவும் வாய் வரவில்லை. றமீஸ் மச்சானிடம் மட்டும் சொல்லு: வாப்பா நீட்டுவார், இவர்தான் பிடிக்க வேண்டும். விடக்கூடாது. முகத்தையும் கொஞ்சம் சுளிக்கச் சொல்லு.

ஸாஜித்