பூஜ்ஜியத்தை அழுத்தினால் எடுப்பவர்

ஏப்ரல் 2, வியாழன்

படிவத்துக்கு இன்று மாலை வரை வந்த பதில்கள் பதினொன்று. அனுப்பியது நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு.

பல்கலைக்கழகத்தை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய அன்றே பதிவாளர் சொல்லிவிட்டார், ஊழியர் நலன் என் பொறுப்பு என்று. ஏதாவது செய்யவும் வேண்டுமாம், செய்தது வெளியே தெரியவும் வேண்டுமாம். பணியாளர் பிரிவில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? படிவம் போட்டேன். இருபத்தெட்டுக் கேள்வி. ஒன்பதாவது கேள்வியில், உங்கள் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டிருந்தேன். பதினொரு பேரும் பத்துக்குப் பத்து. மொழித்துறைப் பேராசிரியர் மட்டும் கூடுதலாக, ஆறாவது கேள்வியில் ஒற்று மிகாது என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பதினொன்றில் ஒன்று நான். நானும் பத்துதான் போட்டேன்.

என் மனைவி நர்சு. இவள் கடைசியாக வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நர்சுகளை மருத்துவமனை விடுதியிலேயே தங்க வைத்துவிட்டார்கள். மகள் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் வகுப்பு கேட்கிறாள். நானும் அவளும் சமையலறையில்தான் சந்தித்துக்கொள்கிறோம், ஒரே ஆபீசில் வெவ்வேறு பிரிவில் வேலை பார்ப்பவர்கள் மாதிரி.

ஏப்ரல் 6, திங்கள்

பூஜ்ஜியம் அக்கா போன் செய்தார்.

வளாகத்தில் எந்தத் தொலைபேசியிலும் பூஜ்ஜியத்தை அழுத்தினால் எக்ஸ்சேஞ்சில் எடுப்பவர். இருபத்தாறு வருஷமாக அந்த ஒரே ஆள். துணைவேந்தரே அப்படித்தான் கூப்பிடுவார். அவர் குரல் எனக்கு மனப்பாடம். முகத்தை நினைத்துப் பார்த்தால் வரவில்லை. எக்ஸ்சேஞ்ச் அத்தியாவசியப் பணி என்பதால் அவர் மட்டும் தினமும் வருகிறார்.

"சார், போர்டு சும்மா கிடக்குது. யாரும் கூப்பிடல. நான் கூப்பிடட்டுமா?"

யாரை என்றேன். எல்லோரையும்தான் என்றார்.

சொந்த எண்களைக் கொடுக்க அனுமதி வாங்க வேண்டும், கோப்பு போட வேண்டும், இரண்டு வாரமாவது ஆகும் என்று இழுத்தேன். எண்கள் பாதிக்கு மேல் தனக்கே தெரியும், பெயர் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்றுதான் பட்டியல் கேட்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பயம்தான், வேறென்ன.

ஏப்ரல் 9, வியாழன்

பட்டியலை அச்செடுத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கோப்பும் போடவில்லை.

நிர்வாகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே அறை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு மேசை, போர்டு, ஹெட்போன், மூடி போட்ட டம்ளரில் தண்ணீர். அக்கா நான் எதிர்பார்த்ததைவிடக் குள்ளம். முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடியில் ஆவி படியப் படியத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரம் வாசலில் நின்று பார்த்தேன். நல்லா இருக்கீங்களா என்று யாரையும் கேட்கவில்லை. "இன்னிக்குக் காலையில என்ன பண்ணீங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறார். அப்புறம் பேசாமல் இருக்கிறார். எதிர்முனையில் இருப்பவர் ஒன்றுமில்லை என்பார். அக்கா அதற்கும் பேசுவதில்லை. நானாக இருந்தால் இரண்டு விநாடியில் ஏதாவது ஆறுதல் சொல்லி வைத்திருப்பேன். இவர் இருக்கிறார். அதற்குப் பிறகுதான் விஷயம் வருகிறது.

ஒரு மணிக்குள் பதினெட்டுப் பெயருக்கு நீலப் பென்சிலில் டிக். டிக் மட்டும்தான். குறிப்பு எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 15, புதன்

என் படிவத்தில் பத்து போட்டிருந்தவர்களில் நூலகத்தின் பழைய இதழ்க் கிடங்கைப் பார்த்துக்கொள்பவரும் ஒருவர். தனி ஆள். அக்கா கூப்பிட்டபோது அவருக்குக் குரலே சரியாக எழும்பவில்லையாம். ஒன்பது நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாததால் தொண்டை கட்டிக்கொண்டது. இதை அக்கா சொல்லவில்லை. அவரே எனக்குப் போன் செய்து, தனக்கு வேலை வந்திருக்கிறது என்று சொன்னார்.

என்ன வேலை? கணிதத்துறைப் பேராசிரியைக்கு நான்கு வயதில் இரட்டைக் குழந்தைகள். மூன்றரைக்கு அவர் வகுப்பு எடுக்க வேண்டும். பிள்ளைகள் மடியை விட்டு இறங்குவதில்லை. அக்கா இருவரையும் கேட்டுக்கொண்டு, இருவர் லைனையும் சேர்த்துவிட்டிருக்கிறார். இப்போது தினமும் மூன்றரைக்குக் கிடங்குக்காரர் போனில் கதை சொல்கிறார். இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கின்றனவாம்.

"நேத்து சிங்கத்தைக் கொன்னுட்டேன் சார், ரெண்டும் அழுதுடுச்சு. இன்னிக்கு அதை எழுப்பணும், எப்படின்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

அக்கா யாருக்கும் புத்திமதி சொல்வதில்லை. ஒருவரை இன்னொருவரோடு சேர்த்துவிடுகிறார், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாகச் செய்த அதே வேலை. இதற்கு நான் இருபத்தெட்டுக் கேள்வி எழுதினேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இவளுக்குக் காய்ச்சல். காலையில் இவளே சொன்னாள், சாதாரணமாக. பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாளாம். மகளிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

சொல்லவில்லை.

ஏப்ரல் 22, புதன்

போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

எடுக்கவில்லை. விடுதியில் கூட இருப்பவளுக்குப் போட்டேன். ஆக்சிஜன் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், போன் விடுதியிலேயே சார்ஜில் கிடக்கிறது என்றாள். ஆக்சிஜனா? எதுக்கு ஆக்சிஜன்? காய்ச்சல்தானே சொன்னா? அவளுக்கு அதற்கு மேல் தெரியவில்லை. மருத்துவமனை எண்ணுக்கு நாற்பது தடவைக்கு மேல் அடித்தேன். பிஸி, பிஸி, பிஸி. நேரில் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

பதிவாளருக்கு வாராந்திர அறிக்கை அனுப்பினேன். 'பணியாளர் நலன் திருப்திகரமாக உள்ளது.' என் கையாலதான் அடிச்சேன் அதை.

ஏப்ரல் 24, வெள்ளி

காலை பத்தேகாலுக்குப் போன்.

"சார், பட்டியல்ல உங்க பேரும் இருக்குது. இன்னிக்குக் காலையில என்ன பண்ணீங்க?"

முகம் கழுவினேன், டீ போட்டேன், மின்னஞ்சல் பார்த்தேன் என்றேன். அக்கா பேசவில்லை. மகளுக்கு முட்டை வேகவைத்தேன் என்றேன். அதற்கும் பேசவில்லை. எனக்குத் தெரியும், இது இவருடைய வழிமுறை என்று எனக்குத் தெரியும், வாசலில் நின்று பார்த்தவன் நான். தெரிந்தும் என்ன? அடுத்த வாக்கியம் வரவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், போனைக் காதில் வைத்துக்கொண்டே. நாற்பத்தெட்டு வயசுக்காரன்.

அழுது முடிக்கும்வரை இருந்தார். அப்புறம் இவள் பெயர், எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று மூன்றே கேள்வி. "வைக்காதீங்க, லைன்லயே இருங்க" என்றார்.

அந்த மருத்துவமனை எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அம்மாவை அக்காவுக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியுமாம். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. வெளி எண் பிஸியாக இருந்தால் என்ன, இவர்களுக்குள் தனி எண் இருக்கிறது. ஒரு கிளிக். இன்னொரு கிளிக். யாரோ ஒருவர் போனை எடுத்துக்கொண்டு நடக்கிற சத்தம். மூச்சு இரைக்கிற சத்தம். பிறகு இவள்.

"பயப்படாதீங்க. பேசத்தான் மூச்சு இல்ல. நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்."

என்ன பேசினேன்? துணி துவைத்தது, கிடங்குக்காரர் சிங்கத்தைக் கொன்றது, உன் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது, எல்லாம் சொன்னேன். மகளையும் கூப்பிட்டுக் கொடுத்தேன். கதவு வழியே என் போன் பேச்சைக் கேட்டு அவளுக்கு நேற்றே தெரியுமாம். நான் பயந்துவிடுவேன் என்று என்னிடம் மறைத்தாளாம்.

மே 6, புதன்

இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு கிலோ குறைந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, அடுப்பு மேடையைத் துடைப்பதற்கு இதுதான் லட்சணமா என்றாள். அம்மாடி, இவள்தான், சந்தேகமே இல்லை.

மே 11, திங்கள்

பதிவாளர் கூப்பிட்டார். எக்ஸ்சேஞ்ச் அம்மாள் எல்லோரிடமும் பேசுகிறார் என்று அவர் காதுக்கும் போயிருக்கிறது. பாராட்டினார். பிறகு, யார் யார் தளர்ந்து போயிருக்கிறார்கள், என்ன காரணம் என்று துறைவாரியாகப் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றார், பத்தொன்பதாம் தேதி ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு. "யாருக்கு வேலை கொடுக்கலாம், யாருக்கு முடியாதுன்னு தெரியணும்ல."

கெட்ட மனுஷர் இல்லை அவர். உண்மையிலேயே உதவி என்று நினைத்துத்தான் கேட்கிறார். ஆனால் ஒப்பந்தத்தில் இருக்கும் அறுபது பேருக்கு ஜூனில் புதுப்பிக்க வேண்டும். இந்த மாதிரிப் பட்டியல் ஒன்று மேசையில் இருந்தால் அந்த நேரத்தில் அது எதற்குப் பயன்படும் என்று பணியாளர் பிரிவில் இருப்பவனுக்குத் தெரியாதா?

மே 12, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். கோபப்படவில்லை.

"காதுல விழுந்ததை வெளிய சொல்லக் கூடாதுன்னு வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் கொடுத்தாங்க சார். அதை யாரும் இன்னும் மாத்தல."

எக்ஸ்சேஞ்சே வேண்டாம், இயந்திரக் குரலை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணிவிட்டால்? நான்தான் கேட்டேன். அப்படிச் செய்தால் செய்யட்டும் என்றார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அங்கே ஒருவர் காத்திருந்தார்.

இரண்டு மகன்களைப் படிக்கவைத்துக்கொண்டிருப்பவர், ஓய்வுக்கு மூன்று வருஷம் பாக்கி. பயம் எனக்குத்தான்.

மே 19, செவ்வாய்

கணினி வழியே கூட்டம். கட்டம் கட்டமாக முகங்கள். எட்டாவது பொருள், ஊழியர் நலன்.

நான் படித்தது நான்கு வரி. பேசியது இத்தனை பேர், மருத்துவ உதவி தேவைப்பட்டு அவரவர் சம்மதத்தோடு செய்தது இத்தனை, ஒருவரோடு ஒருவரை இணைத்தது இத்தனை. பெயர்ப் பட்டியல் எங்கே என்றார் பதிவாளர். இல்லை என்றேன்.

"இல்லையா, தர மாட்டீங்களா?"

"தர மாட்டேன் சார். எழுதினா அதுல என் பேரும் இருக்கும்."

சொல்லிவிட்டேன். அப்போது ஆசிரியர் பிரதிநிதியான கணிதப் பேராசிரியை, தன் பெயரும் இருக்கும், பெயரை எழுதுவார்கள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு வாயே திறந்திருக்க மாட்டேன் என்றார்.

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். பதிவாளரைப் பார்த்து, எக்ஸ்சேஞ்ச்லேருந்து உங்களையும் கூப்பிட்டாங்களா என்று கேட்டார்.

பதிவாளர், "கூப்பிட்டாங்க" என்றார்.

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"நாப்பது நிமிஷம்."

யாரும் சிரிக்கவில்லை. துணைவேந்தர் அடுத்த பொருளுக்குப் போனார்.

மே 20, புதன்

நன்றி சொல்லலாம் என்று எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். பட்டியல் முடிந்துவிட்டது, மேசையில் இருந்தது. கசங்கி, ஓரமெல்லாம் தேய்ந்து. பக்கம் பக்கமாக நீல டிக். புரட்டிக்கொண்டே போனால் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெயருக்கு மட்டும் டிக் இல்லை. யார் என்று பார்த்தேன்.

அக்காவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இன்றுதான் அதை முழுதாகப் படித்தேன்.

என்னை நானே எப்படிக் கூப்பிடுவது என்று சிரித்தார். மாடி ஏறி என் அறைக்குப் போய்ப் பூஜ்ஜியத்தை அழுத்தினேன். கேள்வியைக் கேட்டேன். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எவ்வளவு கஷ்டம் அது!

அவர் கணவருக்கு மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம். கை கால் ஓரளவு வந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். பஸ் நின்றதிலிருந்து அக்கா ஒன்றே கால் மணி நேரம் நடந்து வருகிறார். லீவு போட்டிருக்கலாமே என்றேன்.

"வீட்ல நான் மட்டும்தான் சார் பேசறேன். இங்க வந்தா பதில் வருது."

ஜூன் 8, திங்கள்

அக்கா கணவரைப் பற்றி இவளிடம் சொன்னதற்கு, மூன்று வருஷமாப் பேச்சுப் பயிற்சிக்கு யாருமே அனுப்பலையா என்று என்னைத் திட்டினாள், ஏதோ நான் தடுத்த மாதிரி. இவள் மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாளாம். இப்போது வாரம் மூன்று நாள் வீடியோவில் பயிற்சி. நாத்தனார்தான் போனைப் பிடித்துக்கொள்கிறார். மூன்று வருஷம் தாமதம், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். பரவாயில்லை என்றாராம் அக்கா.

ஜூன் 30, செவ்வாய்

அறுபது பேருக்கும் புதுப்பித்தாயிற்று. கையெழுத்துப் போட்டவர் பதிவாளர். அலுவலக வண்டியில் அக்காவைத் தினமும் கொண்டுவந்து விடச் சொல்லித் தனியாக ஒரு ஆணையும் போட்டிருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, வியாழன்

பாதிப் பேர் வேலைக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவது சுற்று அழைப்பில் வியாழக்கிழமை காலை இரண்டு மணி நேரம் என்னுடையது. இவள் மறுபடி வார்டுக்குப் போகிறாள். சாயங்காலம் வீட்டுக்கும் வருகிறாள்.

பதினொன்றரைக்கு அக்கா கை கழுவப் போனார். போர்டில் ஒரு வெளி அழைப்பு. எடுத்து, பல்கலைக்கழகம் என்றேன். எதிர்முனையில் பேச்சில்லை. நான் வைத்துவிடவில்லை. சுவாசம் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு பெண், அவசரப்படாதீங்க என்று மெதுவாகச் சொல்வதும். முழுதாக ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு ஒரு ஆண் குரல், எழுத்து எழுத்தாக ஏறி வந்தது.

"அ... வ... இருக்... காளா?"

இருக்காங்க, இதோ கூப்பிடறேன் என்றேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தலை இடித்தது கூடத் தெரியாமல் வராந்தாவில் ஓடினேன். அக்கா ஈரக் கையோடு எதிரே வந்தார். உங்களுக்குப் போன் என்றேன்.