அணைத்து விற்ற மஞ்சள் விளக்கு

திண்டுக்கல்,
29.6.2008

அன்பு மகள் வினோலியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் கனடா குளிரை ஒரு வழியாகத் தாண்டி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காய்ச்சல் தலைவலி என்று ஒன்றுமில்லை, ஆனால் வீடு வீடாக இல்லை. உன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை, இப்போது சத்தமும் ஓய்ந்து உன் தம்பி இனிகோவும் நானும் பேசிக்கொள்வதே இல்லை. சோற்றைப் போட்டு மூடி வைக்கிறேன், அவன் வந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். போனில் சொல்லலாம் என்றால் அவன் காதில் விழாமல் பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உனக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

போன கிறிஸ்துமசுக்கு நீ அவனுக்கு ஒரு மிசின் அனுப்பினாயே, காருக்குள் ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் என்ன கோளாறு என்று நம்பர் காட்டுமே, அதைப் பற்றித்தான். பழைய கார் வாங்கி விற்கிறவன், மெக்கானிக் சொல்கிற பொய்யில் ஏமாறாமல் இருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் அனுப்பினாய். எந்தப் பொத்தானை அமுக்கினால் கோளாறு தெரியும், எந்தப் பொத்தானை அமுக்கினால் அது அழியும் என்று நீதான் அவனுக்குப் போனில் சொல்லிக் கொடுத்தாய், நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் முதல் பொத்தானைவிட இரண்டாவதைத்தான் நன்றாகப் படித்திருக்கிறான். ஒரு வெள்ளைக் கார் வாங்கி வந்திருந்தான். அதில் என்னைச் சர்ச்சுக்கு ஞாயிற்றுப் பூசைக்குக் கூட்டிப்போனபோது டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. என்னடா இது என்று கேட்டதற்கு, ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலம்மா, பாத்துக்கிறலாம் என்றான். பார்த்த லட்சணம் என்னவென்றால், ஒன்றையும் சரி செய்யாமல் விளக்கை மட்டும் அழித்துவிட்டுக் கன்னிவாடி மொக்கைச்சாமியிடம் விற்றுவிட்டான்.

மொக்கைச்சாமி யாரென்றால், எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிற அய்யம்மாளின் அண்ணன், பூ விவசாயம் செய்கிறவர். அய்யம்மாள் புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டோடுதான் இருக்கிறாள், அண்ணன் மகள் தமிழ்மதியைத் தூக்கி வளர்த்ததே அவள்தான். தமிழ்மதிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். கல்யாண வேலைக்கு ஒரு கார் வேண்டும் என்றபோது, டீச்சர் மகன்கிட்ட வாங்கு, ஏமாத்த மாட்டாக என்று அண்ணனிடம் சொன்னவளும் அய்யம்மாள்தான். கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஒட்டன்சத்திரத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். பின்னால் இடம் போதாமல் அய்யம்மாளை முன்சீட்டில் உட்கார வைத்தார்களாம். பாதி வழியில் ஒரு மேடு ஏறும்போது வண்டி உதறி, அந்த மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது. அழித்த விளக்கு கொஞ்ச தூரம் ஓடினால் திரும்ப எரியத்தானே செய்யும். ஆனால் வண்டிக்குள் இருந்தவர்கள் எஞ்சினைப் பார்க்கவில்லை, அய்யம்மாளைப் பார்த்தார்கள். நல்ல காரியத்துக்குப் போறப்ப தாலியறுத்தவ முன்னால உக்காந்தா இப்படித்தான் என்று அவள் அண்ணி சொல்லியிருக்கிறாள். நடுரோட்டில் அவளை இறக்கி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் பஸ் பிடித்து ஊர் திரும்பினாள். அவள் இறங்கியும் விளக்கு அணையவில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தார்கள், தோஷம் உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டதாம், பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். மறுநாள் அவள் துணிப்பெட்டியைத் தூக்கித் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துவிட்டார்கள். கல்யாணம் முடிகிறவரை வீட்டுப் படி ஏறக் கூடாதாம், மணவறைப் பக்கமும் வரக் கூடாதாம்.

பள்ளிக்கூடத்தில் அரிசி களைந்துகொண்டே இதை என்னிடம் சொன்னாள். எனக்கு அம்புட்டு சக்தி இருந்தா டீச்சர், சத்துணவுக்கு முட்டையாச்சும் ஒழுங்கா வரவச்சிருக்க மாட்டனா என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தமிழு என்னைப் பார்த்தும் பேசாமப் போயிருச்சு டீச்சர் என்றாள், அப்போது சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே இனிகோவைக் கேட்டேன். ஏலே, கன்னிவாடிக்குப் போய் உண்மையைச் சொல்லு என்றேன். ஊர்ல எவம்மா சொல்லி விக்கிறான், லைட்ட அணைக்கிறதுக்குத்தான் அந்த மிசினே, அக்கா யாவாரத்துக்குத்தான அனுப்புச்சு என்கிறான். அவுக கிறுக்குத்தனத்துக்கு நானா பொறுப்பு, நானா அந்தம்மாவ எறக்கி விட்டேன் என்கிறான். நான் உண்மையச் சொன்னா நாளைக்கு நாகல் நகர்க் கடையில எங்கிட்ட எவன் வண்டி வாங்குவான் என்கிறான். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் நன்மை அப்பம் வாங்குகிற பிள்ளை இவன்.

அவன் வரமாட்டான் என்று தெரிந்ததும் மேசை டிராயரில் இருந்த மிசினை எடுத்துக்கொண்டு நேற்று நானே கன்னிவாடி பஸ் ஏறினேன். காரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சாவியை ஒரு திருகு திருகி, நீ அவனுக்குச் சொன்ன மாதிரியே செய்தேன், நம்பர் வந்தது. கூட வந்த புத்தகத்தில் அந்த நம்பரைக் காட்டி, இது சிலிண்டர் கோளாறு, நீங்கள் வாங்குவதற்கு முன்னாலேயே இருந்தது, என் மகன் மறைத்து விற்றுவிட்டான், ரிப்பேர்ச் செலவை அவனிடமிருந்து நான் வாங்கித் தருகிறேன், அய்யம்மாளை உள்ளே கூப்பிடுங்கள் என்றேன். மொக்கைச்சாமி பொறுமையாகக் கேட்டார். வண்டிக்கு என்ன நோயின்னு மிசின் சொல்லுது டீச்சர், அது யாரால வந்துச்சுன்னு சொல்லுமா என்று கேட்டார். நீங்க அய்யம்மா மேல உள்ள பிரியத்துல மகன் மேல பழியப் போடுறீக, எந்தத் தாயும் செய்ய மாட்டா என்று பாராட்டு வேறு.

சரி, கண்ணால் பாருங்கள் என்றேன். விளக்கை அழித்தேன். என் சத்தம் கேட்டு மோட்டார் ரூமிலிருந்து வந்த அய்யம்மாளை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, மொக்கைச்சாமியின் மகன் முகேஷ்குமார் ஓட்ட, அவன் அப்பா அம்மாவோடு நானும் ஏறிக்கொண்டேன். ரெட்டியார்சத்திரம் வரை போய், வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். பாதி வழியில் வண்டி உதறியது, விளக்கு எரிந்தது. பாருங்கள், அய்யம்மாள் இல்லை, விளக்கு எரிகிறது என்றேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். முகேஷ்குமார் ரோட்டைப் பார்த்தான். மொக்கைச்சாமி மனைவிதான் என் முகத்தைப் பார்க்காமல், அய்யம்மா இல்லதேன், டீச்சர் இருக்கீகள்ல என்றாள்.

எனக்கு அது புரியவே செத்த நேரம் பிடித்தது, வினோலியா. முப்பது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், என்னை டீச்சர் என்றுதான் நினைத்துக்கொண்டு ஏறினேன், அவர்கள் கண்ணில் நானும் தாலியறுத்தவள்தான். நம்மிடம் இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்று பேசிக்கொண்டு திரிகிறோம். நம் சர்ச்சில் நடந்த நான்சி கல்யாணத்தில் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்தபோது எனக்கு நீட்டாமல் தாண்டிப் போனார்கள், அவசரத்தில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நேற்றுத்தான் விளங்குகிறது. நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். ஆகட்டும் டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். நான் போனதால் அய்யம்மாளுக்கு இன்னும் கெடுதல்தான். என் வீட்டுக்கு வந்து இரு என்று அவளைக் கூப்பிட்டேன். எனக்கு என் வீட்டுக்குள்ள போகணும் டீச்சர், உங்க வீட்டுக்கு எதுக்கு வரணும் என்று கேட்டுவிட்டாள்.

ஆகவே இனிகோ போயாக வேண்டும். நான் சொல்லி எடுபடாதது அவன் போய் நின்று, நான்தான் அழித்தேன் என்று சொன்னால் எடுபடும், அவன் ஆம்பிளை, வண்டி விற்றவன். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஆனால் அதுதான் வழி. என் பேச்சை அவன் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பான், கடை வைக்கப் பணம் அனுப்பியவள் நீ. அக்கா அனுப்பியது வியாபாரத்துக்குத்தான் என்கிறானே, இதற்காகத்தான் அனுப்பினாயா இல்லையா என்று உன் வாயால் சொல். மழுப்பாதே. கோளாறைச் சரி செய்து கொடுக்கச் சொல், அந்த வண்டியில் பெண் மாப்பிள்ளை ஊர்வலம் போகப் போகிறார்கள், நடு ரோட்டில் நின்றால் அதற்கும் ஒரு பொம்பளையைத் தேடுவார்கள்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கால் வீக்கத்தை டாக்டரிடம் காட்டு, மாப்பிள்ளையை இரவு வண்டி ஓட்டும்போது போன் பேச வேண்டாம் என்று சொல். மாதா உங்கள் இருவரையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றட்டும், உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும், ஆவணிக்கு அதிக நாள் இருக்காது, பிரித்துப் படித்த அன்றைக்கே அவனுக்குப் போன் போடு. அம்மா அழுகிறாள் என்று அவனிடம் சொல்லாதே, அழுதால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்துவிடுவான். தமிழ்மதி கழுத்தில் தாலி ஏறும்போது அய்யம்மாள் வெளியே நின்றால், நானும் அவளோடு வெளியேதான் நிற்பேன், ஏன் நிற்கிறேன் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் என் மகன் பேரைச் சொல்வேன் என்று சொல்.

அன்பு முத்தங்களுடன்
உன் அம்மா
ரோசலின்