ஒன்பதாம் பகுதியின் இடது ஓரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்ற கேள்வியை இந்தத் தடவை வழக்கத்துக்காகப் போடவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.

நீ போனை எடுப்பதில்லை. நம் அனிமே வாட்ஸப் குழுவை விட்டு நீ வெளியேறிப் பதினேழு நாள் ஆகிறது. அதனால்தான் கடிதத்தை இந்தப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். தனிக் கடிதமாக வந்தால் கிழித்துப் போட்டாலும் போடுவாய். டிஸ்க் பெட்டி என்றால் உன்னால் பிரிக்காமல் இருக்க முடியாது.

முதலில் வீட்டுச் சமாசாரம். எங்கள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் புதிதாக வந்திருக்கிறது. முதலாளி அதற்கு ஆரத்தி எடுக்காத குறை. பழைய மெஷினில் பத்து நிமிடம் பிடித்த வேலை இதில் நாலு நிமிடத்தில் முடிகிறது. மீதி ஆறு நிமிடம் அதைத் துடைத்து வைக்கவே சரியாகப் போகிறது. வீட்டில் என் மனைவி டிஸ்க் அலமாரியின் கீழ்த் தட்டைக் காலி செய்யச் சொல்கிறாள், தையல் மெஷினுக்கு இடம் வேண்டுமாம். நீ ஊர் மாறிப் போனபோது என் தலையில் கட்டிவிட்டுப் போன டிவிடிகள்தான் அந்தத் தட்டில் இருக்கின்றன. அவற்றை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை எடுக்கவில்லை.

இனி நான் சொல்வதில் பாதி உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் நான் எங்கே வருகிறேன் என்பது உனக்குப் புரியும்.

டிவிடியை விடப் படம் துல்லியமாகத் தெரிகிற ப்ளூ-ரே தட்டு வந்த நாளிலிருந்து நமக்குள் இருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். ஒரு ஜப்பானிய அனிமேத் தொடரின் ப்ளூ-ரே வீட்டுக்குள் நுழைந்தால் அதன் டிவிடி அன்றைக்கே வெளியேற வேண்டும் என்பது உன் கொள்கை. ஒரே தொடர் வீட்டில் இரண்டு தடவை இருப்பது மனக்கோளாறு என்பாய். நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறவன். அதற்காக என்னைப் பழைய இரும்புக் கடை என்று கூப்பிட்டாய். ஒன்பது டிவிடித் தட்டில் இருந்த தொடர் மூன்று தட்டில் அடங்கிவிடுகிறது, படமும் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, பிறகு எதற்கு இந்தப் பெட்டிகள் என்று நீ கேட்பாய். இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் ஒப்பீட்டுத் தாள். ஒரு தொடர் டிவிடியாக வந்தபோது ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, பத்து இடங்களில் படத்தை நிறுத்தி, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவோம். அதே தொடர் ப்ளூ-ரேயாக வந்ததும் அதே பத்து இடங்களில் நிறுத்தி மறுபடி எழுதுவோம். என்ன கூடியது, என்ன குறைந்தது என்று குழுவில் நாற்பது பேர் நம் தாளுக்காகக் காத்திருந்து அதன் பிறகுதான் வாங்குவார்கள். அதில் உன் தாளுக்குத்தான் மதிப்பு. கதாநாயகியின் ரிப்பன் ஒரு வினாடி மட்டும் நிறம் மாறியிருப்பதை, வரைந்தவர்களே கவனிக்காததை, நீ கண்டுபிடித்தாய். கழுகு என்ற பெயர் உனக்குச் சும்மா வரவில்லை.

போன மாதம் ஸ்டேஷன் தொடர் ப்ளூ-ரேயில் வந்தது. மலை மேல் இருக்கும் குட்டி ரயில் நிலையத்தில் தனியாக வேலை பார்க்கும் பெண்ணின் கதை. அதன் டிவிடிதான் நாம் இருவரும் முதன்முதலில் சேர்ந்து போய் ஆளுக்கொன்றாக வாங்கிய பெட்டி. ஒன்பதாம் பகுதிக்கு நீ எழுதி அனுப்பிய தாளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படம் மொத்தமாக மங்கல், நிழலில் ஒன்றும் தெரியவில்லை, இடது ஓரத்தை வெட்டிவிட்டார்கள், பெஞ்சுக்கு அடியில் வாலை ஆட்டிக்கொண்டிருந்த பூனையையே காணோம், யாரும் வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் என் தட்டைப் போட்டுப் பார்த்தேன். ஓரம் முழுசாக இருந்தது. பூனையும் இருந்தது. டிவிடியில் சாம்பல் திட்டாகத் தெரிந்த பூனைக்கு ப்ளூ-ரேயில் மீசை கூடத் தெரிந்தது.

அப்போது நான் செய்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பூனை இருக்கிற படத்தை எடுத்துச் சிவப்பு வட்டம் போட்டு, "கழுகுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று நாற்பது பேர் முன்னால் எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். இருபது வருடத்தில் ஒரு தடவையாவது உன்னை ஜெயித்தேன் என்று அன்றைக்கு இரண்டு கப் காபி கூடுதலாகக் குடித்தேன். நீ குழுவை விட்டு வெளியேறினாய். தோற்றவனின் ரோஷம் என்று நினைத்தேன். நம்மைப் போன்ற ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. மனிதன் பார்த்ததைச் சொல்கிறான். நாம் தட்டைப் பற்றி மட்டும் யோசிக்கிறோம்.

போன வாரம் கடைக்கு ஒரு தையல்காரம்மா மூன்றாவது தடவையாக வந்தார். நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி ஒரு பக்கத்தை வெட்டுகிறது, துணியின் ஓரம் தெரியவில்லை என்று சண்டை. முதல் தடவை பிரேமை மாற்றினேன். இரண்டாம் தடவை லென்ஸை மாற்றினேன். மூன்றாம் தடவை, கண்ணாடி மேல் குறை இல்லையென்றால் வேறு எதன் மேல் குறை என்று எனக்கே தோன்றி, மாடியில் இருக்கும் கண் டாக்டரிடம் அனுப்பினேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். வலிக்காதாம். நேராகப் பார்ப்பதெல்லாம் கடைசி வரை பளிச்சென்று இருக்குமாம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம். குறைந்த இடத்தில் கறுப்பாகவும் தெரியாதாம், அங்கே ஒன்றும் இல்லாத மாதிரியே இருக்குமாம். டாக்டர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உன் தாள் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து அதை எடுத்துப் படித்தேன். காணோம் என்று நீ எழுதிய எட்டுப் பொருளும் படத்தின் இடது பக்கம் இருப்பவை. வலது பக்கம் ஒன்று கூடக் காணாமல் போகவில்லை. உன் டிவிடியை நீ எனக்குக் கொடுத்து ரொம்ப நாளாகிறது. ஆகையால் நீ தட்டோடு தட்டை ஒப்பிடவில்லை, மாப்பிள்ளை. அன்றைய கண்ணோடு இன்றைய கண்ணை ஒப்பிட்டிருக்கிறாய்.

அதன் பிறகு தங்கையிடம் பேசினேன். அவள் முதலில் மழுப்பினாள். பிறகு ஒன்றொன்றாக வந்தது. நீ ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி இந்த நாலு மாதத்தில் இரண்டு தடவை உடைந்திருக்கிறது. கேட்டால் கம்பெனி வாசல் தூணைத் தள்ளிக் கட்டிவிட்டார்கள் என்கிறாயாம். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறாய், தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுகிறாய், அவள் இடது பக்கமாக வந்து நின்றால் திடுக்கிடுகிறாய். "கேட்டா எரிஞ்சு விழறாருண்ணா, அதான் கேக்கறதையே விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். உன் அப்பாவும் கடைசிக் காலத்தில் தெருவில் யாரையும் கண்டுகொள்ளாமல் போவார். தலைக்கனம் பிடித்த மனிதர் என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டோம். இந்தக் கோளாறு அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது என்று டாக்டர் சொன்னபோது, அவர் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் உனக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன் நான். எதிரே இருந்த எழுத்துகளை நீ கடகடவென்று கடைசி வரி வரை படித்தாய். கண் பிரமாதம் என்று முதுகில் தட்டி அனுப்பினேன். நேராக இருப்பதை மட்டும்தான் நான் கேட்டேன். இருபத்திரண்டு வருடம் இதே தொழிலில் இருக்கிறவனுக்கு, சொந்த மச்சினனிடம் டாக்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா என்று சொல்லத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்பது தெரியும். உனக்குத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். அதனால்தான் ஸ்டேஷன் தொடரின் டிவிடிப் பெட்டியை அனுப்புகிறேன். உன்னுடையதேதான், மேலே நீ ஒட்டிய எண் அப்படியே இருக்கிறது. நீ வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வழக்கமான தூரத்தில் உட்கார்ந்து, ஒன்பதாம் பகுதியை அதே பத்து இடங்களில் நிறுத்தி, தெரிவதை எழுது. பூனையை விட்டுவிடு, அது எங்கே என்று இப்போது உனக்குத் தெரியும், தேடிப் பிடித்துவிடுவாய். மற்றதை எழுது. இந்தத் தட்டு முதன்முதலில் வந்தபோது நீ உன் கையால் எழுதிய நோட்டு என்னிடம் இருந்தது. அதைத் தங்கையின் ஆபீஸ் முகவரிக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். நீ எழுதி முடிக்கும் வரை அவள் அதைக் கண்ணில் காட்ட மாட்டாள். முடித்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ப்ளூ-ரேயில் ஓரத்தை வெட்டினார்கள் என்று சொல்லலாம். அலமாரியில் கிடந்த டிவிடிக்குள் புகுந்து யாரும் வெட்ட முடியாது.

இரண்டு தாளும் ஒன்றாகவே இருந்தால் நான் குழுவில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். என்னை என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் சரி. இந்த ஒரு தடவை நான் தோற்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

ஒன்றாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. போன பார்வை திரும்பாது. இருக்கிறதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். சீக்கிரம் போனால் நிறையக் காப்பாற்றலாம். பஸ் ஓட்டுகிற வேலை போனாலும் போகலாம். உனக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று எனக்குத் தெரியும். இதை நீயே பாதி சந்தேகப்பட்டு, வாயைத் திறந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு. ஆனால் தினமும் காலையில் நாற்பத்தைந்து பேர் உன் பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் யாருக்கும் இடது பக்கத்தைப் பற்றித் தெரியாது. உனக்கு இப்போது தெரியும்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு உங்கள் ஊர்க் கண் டாக்டரிடம் தங்கை நேரம் வாங்கியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, வாங்கச் சொன்னது நான். கடையில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். அதுவரைக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சாவியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிடு. தங்கையை நீ கட்டிய புதிதில் உனக்கு 'நீங்க, வாங்க' போட்டுப் பேசிப் பார்த்தேன், இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. இப்போது வேண்டுமானால் அப்படியே கேட்கிறேன். தயவு செய்து வண்டியை எடுக்காதீங்க.

திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டு. ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், நானே வீடு தேடி வந்துவிடுவேன். நான் எந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றாலும் என்னை நீ பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

என்றும் உன் நலம் நாடும்,
மச்சான்