மானேஜர் ஆறுச்சாமி கப்பலேறும் விவகாரம்

கோயமுத்தூர்
2-5-1938

கல்கத்தாப் பட்டணத்தையே பந்தாக உருட்டிக்கொண்டிருக்கும் என் மாப்பிள்ளை ஆறுச்சாமிக்கு, தாய்மாமன் திருமூர்த்தி முழு ஆசீர்வாதம் செய்து, அதில் பாதியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு எழுதுவது.

ஏன் பிடுங்கினேன் என்றால், நீ ரயிலேறி இருபது நாளாகிறது. ஒரு கார்டு இல்லை. "கடல் கடந்து ஆடப் போகும் இந்திய ஃபுட்பால் டீமைப் பழக்க ஓர் ஆள் வேண்டும், உங்கள் மில் டீம் மானேஜரை இரண்டு மாதம் அனுப்புங்கள்" என்று கடிதம் வந்தது. மில் முதலாளி லீவு கொடுத்தார். நீ போனாய். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை நாங்களே தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தயாரிப்பு வேலை தினமும் சாயங்காலம் மில்லுக்கு எதிரே இருக்கும் காபி கிளப்பில் நடக்கிறது. ஆபீஸ் குமாஸ்தா சுந்தரராஜுலு சொல்கிறார்: "சித்திரை வெயில்ல கம்பளிக் கோட்டுத் தெச்சுட்டுப் போயிருக்காருங்க. கல்கத்தாவுல எதுக்குங்க கம்பளி? டீமு போற ஆஸ்திரேலியாவுல இனிக் குளிர்காலம். ஆளு கப்பலேறப் போறாருங்க." கோட்டைமேட்டுப் பூட்டுக் கடை அமீர் ஹம்சா அதற்கும் மேலே போய்விட்டார். "விசிலைக் கேப்டன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காரு. விசிலைக் குடுத்த மானேஜரு திரும்பி வர மாட்டாருங்க." உடனே கிளப்பில் ஒரு நிசப்தம் விழுந்தது பார், உள்ளே சட்டினிக்குக் கடுகு வெடித்த சத்தம் போத்தனூர் ஸ்டேஷனில் கேட்டு, ரயிலை அரை மணி நிறுத்தி வைத்தார்களாம்.

நேற்று ரயில்வேக்காரர்களிடம் நாலு கோல் வாங்கினோம். நம் பேக் ஆட்டக்காரன் உதைத்த உதையில் பந்து மருதமலை உச்சியில் விழுந்து, சாமிக்கு அபிஷேகம் நின்றுவிட்டது. நீ இல்லாத டீம் அப்படி இருக்கிறது.

நேராகவே கேட்கிறேன். இந்திய டீமுக்கே மானேஜராகப் போய்விடப் போகிறாயா? நீ போனால் மில் சங்கு ஊதாது, நொய்யலில் தண்ணீர் வராது, எனக்கு வெற்றிலை சிவக்காது. யோசித்து எழுது.

இப்படிக்கு,
கொங்கு மண்டலத்து ரசிகர்களின் ஏகபோகத் தலைவனும், உன் மாமனுமான
திருமூர்த்தி


கல்கத்தா
8-5-1938

அன்புள்ள மாமாவுக்கு ஆறுச்சாமி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்ததில் சாப்பாடு புரையேறியது. மூச்சு விட நேரமில்லாத வேலை, அதனால்தான் எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காபி கிளப்பில் பேசிக்கொள்வது முழுப் பொய் இல்லை. கப்பலில் கூடவே வருகிறாயா என்று கமிட்டியில் கேட்டிருக்கிறார்கள். முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக ஆசை மாமா. மறைக்கவில்லை. இந்த மாதிரி ஒரு தடவை கேட்பார்கள். இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள்.

ஆனால் அம்மா சம்மதிக்காமல் கடல் தாண்ட மாட்டேன். அவளுக்கு நான் ஒரே பிள்ளை. அவளுக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்களே கிணத்துக்கடவு போய்ப் படித்துக் காட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி படியுங்கள் மாமா. நீங்கள் படித்தால் நான் கப்பலை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போவதாக ஆகிவிடும்.

தங்கள் அன்புள்ள
ஆறுச்சாமி


கோயமுத்தூர்
15-5-1938

மாப்பிள்ளை ஆறுச்சாமிக்கு மாமன் எழுதுவது.

வெள்ளிக்கிழமை கிணத்துக்கடவு போனேன். வெயிலென்றால் வெயில், பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மடியிலிருந்த முட்டையெல்லாம் குஞ்சு பொரித்து, ஊர் வந்து சேர்வதற்குள் சேவலாகிக் கூவின. அக்கா மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தைப் படித்தேன். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நா என்னத்தக் கண்டேன் தம்பி. ஆத்தாளக் கேப்போம்" என்றாள்.

மாரியம்மன் கோயிலில் பூவாக்குக் கேட்டோம். உனக்குத் தெரிந்த வழக்கம்தான்: வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே மாதிரி இலையில். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. கேட்கிறவள் கையால் கட்டக்கூடாது என்று என்னைக் கட்டச் சொன்னாள். ஆத்தா முன்னால் உருட்டிப் போட்டு, அங்கே நின்ற ஒரு பெண் குழந்தையை எடுக்கச் சொன்னோம். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வேண்டாங்கறா. வரச் சொல்லிப்போடு" என்றாள். தெய்வ வாக்குக்கு மேலே நாம் என்ன செய்ய முடியும், சொல்? விஷயம் தெரிந்ததும் காபி கிளப்பில் எல்லோருக்கும் அமீர் ஹம்சா செலவில் மைசூர்பாகு. ஊரே திருவிழாவாக இருக்கிறது. யானை ஒன்றுதான் பாக்கி.

இப்படிக்கு,
திருமூர்த்தி


கல்கத்தா
20-5-1938

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் பார்த்தேன். அம்மா சொல்லிவிட்டாள், ஆத்தாளும் சொல்லிவிட்டாள். முப்பதாம் தேதி கமிட்டி கூடும்போது வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதில் வேறொருவரை எடுப்பார்கள். அவருக்குப் பையன்களின் பெயர், யாருக்கு எந்தக் காலில் பழைய அடி, யாரை அதட்டலாம், யாரை அதட்டக்கூடாது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

வேகாத வெயிலில் அவ்வளவு தூரம் போய்ப் படித்துக் காட்டி, கோயிலுக்கும் கூடவே போயிருக்கிறீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் யாரை நம்பி நான் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவேன்? அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். ஜூன் முதல் வாரத்தில் ஊர் வந்து சேர்வேன்.

ஆறுச்சாமி


கோயமுத்தூர்
27-5-1938

மாப்பிள்ளை ஆறுச்சாமிக்கு.

நேற்று உனக்கு ஒரு தந்தி கொடுத்தேன். "அம்மா சம்மதம். சிவப்புப் பூ பொய். கிளம்பு." இவ்வளவுதான் வாசகம். அதை இங்கிலீஷில் எழுதிய தபாலாபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சிவப்புப் பூ பொய்யின்னா ஏதாச்சும் ரகசியச் சொல்லுங்களா? போலீஸ் கீலீஸ் வராதுங்களே?" என்று கேட்டார். வந்தால் நல்லதுதான், என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்றேன்.

மாப்பிள்ளை, இரண்டு பொட்டலத்திலும் நான் செவ்வரளிதான் வைத்தேன். வெள்ளரளியை மடியில் சொருகிக்கொண்டேன். குழந்தை எதை எடுத்திருந்தாலும் சிவப்புத்தான் வந்திருக்கும். இதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. மிகையாக இருக்கக் கூடாதா என்று எனக்கே ஆசை.

நீ சாப்பிடவில்லை என்று எழுதியதையாவது தாங்கியிருப்பேன். யாரை நம்பி எழுதுவேன் என்று ஒரு வரி எழுதினாயே, அதைத் தாங்க முடியவில்லை. நேற்றுக் காலையில் முதல் பஸ்ஸில் கிணத்துக்கடவு போனேன். அக்கா முறத்தில் தட்டைப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டுலயும் செவப்புத்தான் வெச்சேன்."

"எதுலடா?"

"பொட்டலத்துல."

முறத்தைக் கீழே வைத்தாள். "ஏண்டா, ஆத்தாகிட்டயே திருட்டாட்டமா? என்னத்துக்கு இப்படிச் செஞ்சுபோட்டே?"

"அவன் போயிட்டா டீமு போயிருங்க்கா."

"டீமு போயிருமா, நீ தனியாப் போயிருவியா?"

நான் ஒரு பிடி தட்டைப்பயறை அள்ளி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து நீயும் நானும் பேசிக்கொண்டே நடந்து வருவோமே, வாரத்தில் எனக்கு அது ஒன்றுதான். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள்.

"இன்னொருக்காக் கேட்டுப் பாக்கலாங்க்கா. இந்தத் தடவ பூசாரி கட்டட்டும்" என்றேன்.

"ஆத்தாளுக்கு வேற வேலயில்லையா? நீ பண்ணுன திருட்டுக்கு அவ எதுக்கு ரெண்டாந்தரம் பதில் சொல்லோணும்? பெத்தவ நாஞ் சொல்றேன், போகச் சொல்லு. நீ படிச்சன்னைக்கே எம் மனசு போகட்டும்னுதான் சொல்லுச்சு. செவப்பு வந்ததும் வாயப் பொத்திக்கிட்டேன்."

அதோடு விடவில்லை. "அந்தக் கடுதாசிய எடு. மறுக்காப் படி. இந்தத் தடவ ஒரு சொல்லு முழுங்காமப் படி."

படித்தேன். 'கப்பலில் போக ஆசையாக இருக்கிறது' என்று பக்கம் முடிந்தது. அன்றைக்கு அதற்குமேல் படிக்க மனசில்லாமல் மடித்து வைத்துவிட்டேன். நேற்றுத்தான் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் நாலு வரி இருந்தது. 'ஆட்டங்கள் ஐப்பசியோடு முடிந்துவிடும். கார்த்திகை தீபத்துக்குள் வந்துவிடுவேன். மில்லில் என் வேலையை எனக்கே வைத்திருப்பதாக முதலாளி எழுதியிருக்கிறார். மாமாவையும் டீமையும் விட்டு நான் எங்கே போவேன்?'

நான் அப்படியே புண்ணாக்கு மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன். அக்கா சிரித்தாள் பார், பயறு முழுக்க வாசலில். "இந்தத் தாளத் திருப்புறதுக்குச் சோம்பிக்கிட்டு ஆத்தாள ஏமாத்தப் போனியாடா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தண்டனை மட்டும் குறையவில்லை. செய்ததை நானே காபி கிளப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றாள். சாயங்காலமே சொன்னேன். ஏசுவார்கள் என்று குனிந்து நின்றேன். அமீர் ஹம்சா எழுந்து, "கார்த்திகைக்கு வந்துருவாருங்களா? அதச் சொல்லாம ஒரு மாசமா எங்கள அழ வெச்சுப்போட்டீங்களே! எம் மைசூர்பாகத் திருப்பிக் குடுங்க" என்றார்.

அவர்கள் மன்னித்தார்கள். நீ என்ன செய்வாயோ தெரியாது. தந்தி முப்பதுக்கு முன் வந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. அதற்குமேல் எழுத இஷ்டமில்லாவிட்டால் வேண்டாம்.

உன் மாமன்
திருமூர்த்தி


கல்கத்தா
1-6-1938

அன்புள்ள மாமாவுக்கு,

தந்தி இருபத்தேழாம் தேதியே வந்துவிட்டது. சிவப்புப் பூ எப்படிப் பொய்யாகும் என்று எனக்கும் விளங்கவில்லை. 'அம்மா சம்மதம்' என்ற பாதியே போதும் என்று கமிட்டி வாசலுக்கு ஓடினேன். நான் வருகிறேன் என்று எழுதிக்கொண்டார்கள். ஆடி மாதம் கப்பல்.

மீதிப் பாதி நேற்று உங்கள் கடிதத்தில் விளங்கியது. கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். ஒரு கல் எடுத்து உங்கள் கடிதத்தின்மேல் வைத்துவிட்டு மைதானத்தைப் பன்னிரண்டு சுற்று ஓடினேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். பின்பக்கம் நாலு வரி இருப்பது தெரியாமலே, நான் போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டே, அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்கள். யாரும் கண்டுபிடிக்காத ஒன்றை நீங்களாகப் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். அப்புறம் ஓட எனக்குத் தெம்பு இல்லை. சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். முன்பு பட்டினி கிடந்த இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

நான் வருகிற வரைக்கும் இரண்டு வேலை உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸேறி அம்மா கையால் சாப்பிட்டு வாருங்கள். அவளுக்கும் அந்த வீட்டில் பேச ஆளில்லை. இரண்டாவது, ஒவ்வொரு ஆட்டத்தைப் பற்றியும் எழுதுங்கள். உள்ளதை உள்ளபடி. ஒரு கோலைக்கூட நீங்களாகப் போடக்கூடாது.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை
ஆறுச்சாமி


கோயமுத்தூர்
13-6-1938

மாப்பிள்ளை ஆறுச்சாமிக்கு மாமன் ஆசீர்வாதம். முழுவதும்.

நேற்று ரயில்வேக்காரர்களோடு ஆட்டம். இரண்டுக்கு இரண்டு. சரியாக இரண்டுதான், சுந்தரராஜுலுவையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கொஞ்சம் மழை. குடை பிடிக்கிற அளவு. கூட்டம் இருநூறு பேர். முதலில் இரண்டு லட்சம் என்று எழுதிவிட்டேன், அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காதே.

ஆட்டம் முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டேன். கொள்ளுப் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். அவன் வர எவ்வளவு நாளிருக்கிறது என்றாள். இருவரும் விரல் விட்டு எண்ணினோம். ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் வருகிறது.

அவள் கணக்குக்கு அவ்வளவு. என் கணக்குக்கு நூற்றெட்டு வருஷம் வருகிறது. இதை மட்டும் அடிக்காமல் விடுகிறேன், இதுவும் உள்ளபடிதான்.

திருமூர்த்தி