நீலக் குடம்

நெருஞ்சிப்பட்டி,
6.4.2025

என்னங்க,

நானும் பாப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும். குவாரிக்காரன் கண்ணுசாமி அளவில்லாமல் வெடி வைக்கிறான், கிணறு வற்றுகிறது, சுவரெல்லாம் விரிசல் விடுகிறது என்று மனு கொடுத்த நீங்கள் ஜெயிலில். டிப்பர் லாரிக் கண்ணாடியை நீங்கள் உடைத்ததாகப் பொய்க் கேஸ் கொடுத்த அவன் வெளியே. படிக்கிறவருக்கும் தெரியட்டும்.

உங்களைக் கூட்டிப்போன மறுநாளே கோயிலில் கூட்டம் போட்டார்கள். திருப்பணிக்குக் கல் கொடுப்பது கண்ணுசாமி. அதனால் சாமியும் அவன் பக்கம். நம் வீட்டோடு யாரும் பேசக் கூடாதாம். கடையில் சாமான் கொடுக்கக் கூடாதாம். குழாயடியில் நம் குடம் நிற்கக் கூடாதாம்.

முந்தின நாள் சாயங்காலமே குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் ஆளே நிற்கிற மாதிரிதானே நம் ஊரில்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் நீலக் குடத்தை ஒருத்தரும் நகர்த்தியதில்லை. நேற்று வைத்தேன். விடிந்து போனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கள்ளிப் புதரில் கிடக்கிறது, விளிம்பு உடைந்து. அத்தனை பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்தால் ஒரு டிப்பர் நம் வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறது. யாரும் இறங்குவதில்லை. என்ஜினை அணைப்பதில்லை. லைட்டை மட்டும் நம் கதவில் அடிக்கிறார்கள். பாப்பா வெளிச்சத்தைக் கண்டாலே அழுகிறாள். நேரில் வந்து சொல்லலாமென்றால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக் வருகிறது.

உங்களுக்கு இருமல் தேவலையா?

உங்கள்
தேவிப்ரியா

•

சிறையிலிருந்து,
11.4.2025

தேவிக்கு,

கடிதம் வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆலங்குடிக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய்விடு. வீடு கிடக்கட்டும்.

இங்கே படுக்க இடமில்லை. முதல் நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். சாராயக் கேஸில் வந்த ஒருவர், பேர்கூட அப்போது தெரியாது, ஒருச்சாய்த்துப் படுத்து, "இங்கிட்டு வாப்பா, சும்மா நீட்டு" என்று பாதி விரிப்பை எனக்கு விட்டுக்கொடுத்தார். அதிலேதான் தூங்குகிறேன்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. நேற்று குளிக்கிற இடத்தில் புதிதாக வந்த ஒருத்தன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "கண்ணுசாமி அண்ணே விசாரிக்கச் சொன்னாரு. வீட்ல பாப்பா நல்லாருக்கால்ல?" சோப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. போய்விடு தேவி.

வெற்றிசெல்வன்

•

நெருஞ்சிப்பட்டி,
17.4.2025

என்னங்க,

நான் ஆலங்குடி போகவில்லை. வீட்டைப் பூட்டினால் அடுத்த வெடியில் தானாக விழுந்தது என்று சொல்லி இடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதானே.

முந்தாநாள் சாயங்காலம் வாசலில் இருந்த குடத்தைக் காணவில்லை. அதையும் விட்டுவைக்கவில்லை என்று நினைத்தேன். நேற்று விடிந்து கதவைத் திறந்தால், படியில் நிற்கிறது. தளும்பத் தளும்பத் தண்ணீர்.

இந்த ஊரில் எனக்கு யார் தண்ணீர் வைப்பார்கள்? என்னத்தைக் கலந்தார்களோ! முகர்ந்து பார்த்தேன். பாப்பா தவழ்ந்து வந்து குடத்தில் கையை விடப் போனாள். அப்படியே தூக்கிச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். எதிர்வீட்டுப் பிரகதீஸ்வரி, கோழிக்காகச் சண்டை போட்டதிலிருந்து நம்மோடு பேசாதவள், வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

முந்திரிக்காட்டுப் போர்வெல் வரை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து தண்ணீர் எடுத்தேன். போகும்போதும் வரும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. மனுவைத் திரும்ப வாங்கினால் கேஸை விட்டுவிடுவதாகச் சொல்கிறார்களே, வாங்கிவிடுங்களேன்.

தேவிப்ரியா

•

சிறையிலிருந்து,
22.4.2025

தேவிக்கு,

தண்ணீரைக் கண்டே நீ பயந்தாய் என்று படித்த பிறகு என்னிடம் வீம்பு எதுவும் மிச்சமில்லை. அவர்கள் வக்கீல் திங்கட்கிழமை பேப்பர் கொண்டுவருகிறார். மனு தவறான தகவலில் கொடுத்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடுகிறேன். குவாரி எவ்வளவு ஆழம் போனால் நமக்கென்ன.

இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் போடுகிறேன்.

வெற்றி

•

நெருஞ்சிப்பட்டி,
27.4.2025

என்னங்க,

இதை நம் வக்கீல் அன்வர் பாட்சா அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை காலையிலேயே உங்களைப் பார்க்கிறேன் என்றார். அந்தப் பேப்பர் வருவதற்குள் இது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் தண்ணீர் வந்த நாளெல்லாம் குடம் நிரம்பியே நின்றது. நானும் கொட்டிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை கொட்டப் போகும்போது பிரகதீஸ்வரி தன் ஆட்டை இழுத்துக்கொண்டு நம் படிக்கே வந்துவிட்டாள். என்னோடு பேசக் கூடாதல்லவா, ஆட்டைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏ கழுத! என்னத்தக் கலந்துபுட்டாகன்னு இப்புடிக் கொட்டுற? ஆறு வீட்டுப் பொம்பளைக ஆளுக்கொரு செம்பு ஒதுக்கி ஊத்துன தண்ணிடி அது. பச்சப்புள்ள வீடாச்சேன்னு. இந்தா, நாங் குடிக்கிறேன். செத்தா நீயே தூக்கிப் போடு!"

குடத்தில் டம்ளரை விட்டு மொண்டு, என் கண் முன்னால் மடக்மடக்கென்று குடித்தாள். மிச்சத்தை ஆட்டுக்கு ஊற்றினாள். போய்விட்டாள். நான் குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். பாப்பாவுக்கு அந்தத் தண்ணீரில்தான் கஞ்சி வைத்தேன்.

யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே அவளையும் ஒதுக்கிவைத்தார்கள். "ஏய்யா, நான் என் ஆட்டோடதானேய்யா பேசுனேன்" என்று கோயில் வாசலில் சத்தம் போட்டாளாம். யாரும் சிரிக்கவில்லையாம். சாயங்காலம் நேராக நம் வீட்டுக்குள் வந்தாள். "இனிமே என்னடி பயம், ரெண்டு பேரும் பேசிக்கலாம்ல? மொதல்ல அந்தக் கோழிக் கதைய முடிப்போம்" என்றாள். சொல்லிக்கொண்டே கதவைத் தாழ்போட்டுவிட்டு, சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

உங்கள் கடிதம் அதற்கு மறுநாள் வந்தது. என்னால் வந்த எழுத்து அது.

நேற்றுப் பொழுது சாயும் நேரம். டிப்பர் வழக்கம்போல வந்து நின்றது. அவள் மஞ்சள் குடத்தை வரிசையில் வைத்தால் அதுவும் புதருக்குத்தான் போகும் என்று தெரியும். என் குடம் ஏற்கெனவே புதரைப் பார்த்த குடம். இருந்தும் இரண்டையும் நானே தூக்கிக்கொண்டேன். லாரி வெளிச்சம் முதுகில் அடித்தது. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போனது. ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

குழாயடியில் ஆள் யாரும் இல்லை. குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வரிசை விட்டிருந்தது. இரண்டு குடம் வைக்கிற இடம்.

வைத்தேன். காலையில் போனேன். இரண்டும் அங்கேயே நின்றன.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. இடம் விட்டுவைத்த பெண்களுக்கும் பயம்தான். கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள்
தேவிப்ரியா