பெரிய வெள்ளியன்னைக்கு வெட்டின கொடி

ஆத்தா பெனிஷாவுக்கு அம்மா எழுதுறது. மாதா புண்ணியத்துல நல்லாருக்கேன், முட்டுவலி மட்டும் என்னைய விடாம கூடவே இருக்கு, நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிர்ல சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபமாலை சொல்றேன். போன்ல சொன்னா கோவத்துல மூச்சு வாங்குது, அதான் எழுதுறேன்.

நம்ம ஊரு தேவாரத்துல உங்கப்பாவும் சேந்து ஆரம்பிச்ச உழவு தொழில் ஆராய்ச்சிக் கழகத்துக்கு இந்த வருசம் பொன்விழா. கழகத்து வரலாறு எழுதப் போறேன்னு செயலாளர் ஏசுதாசன் வந்தான். திராட்சைக் கொடிய வெட்டிக் கவாத்து பண்ற மாசத்த மாத்துனா வருசத்துக்கு ரெண்டு மகசூல் எடுக்கலாம்னு உங்கப்பா நம்ம தோட்டத்துல செஞ்சு பாத்து, கழகத்துல வாசிச்சாகள்ல, அந்தக் கட்டுரைய, அவுக கைப்பட எழுதுனத, வாங்கிட்டுப் போனான். புத்தகம் வந்துச்சு. அத்தனையும் செஞ்சது அவங்கப்பன் பங்கிராஸாம். இமானுவேல்ங்கிற உங்கப்பா பேரு ஒரே இடத்துல இருக்கு, கூட்டத்துக்கு நாற்காலி போட்டவுக வரிசையில. கட்டுரையக் கேட்டா கரையான் அரிச்சிருச்சுங்கிறான். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. அவன் குடி வெளங்காமப் போகணும்னுதான் வேண்டினேன், உன்கிட்ட மறைப்பானேன்.

மூணாம் நாள் திரும்ப வாசிக்கையில சிக்கிக்கிட்டான். பங்கிராஸ் மொத கவாத்து பண்ணது 1979 ஏப்ரல் பதிமூணாம் தேதி, சித்திரை பொறக்க முந்தின நாளுன்னு பெருமையா போட்டிருக்கான். அன்னைக்குப் பெரிய வெள்ளி. கல்யாணமாகி நான் வந்த மொத தவக்காலம், மறக்குமா? அன்னைக்கு நம்ம ஊர்ல அருவாமணையக்கூட தொட மாட்டோம், கொடியில கத்தி வைப்பாகளா? சிலுவைப்பாதையில சிலுவை சுமந்ததே பங்கிராஸுதான்.

விழாவுல மேடையில பங்குச்சாமியார், கீழ ஊரே இருக்கு. நான் எந்திரிச்சு, ஏசுதாசா, அன்னைக்கு ஒங்கப்பா சிலுவை சுமந்தாகளா கொடி வெட்டுனாகளான்னு ஒரே கேள்விதான் கேட்டேன். வெட்டுனாகன்னா அப்பன் பாவி, இல்லேன்னா புத்தகம் பொய். மைக்கப் பிடிச்சவன் அதக் கீழ வச்சுட்டு மேடையவிட்டு எறங்கிட்டான். எனக்கு ஈஸ்டருக்குக்கூட அப்பிடி ஒரு சந்தோசம் இருந்ததில்ல.

மறுநாளே கரையான் அரிச்ச கட்டுரையோட வந்துட்டான், ஒரு மூலைகூட அரிக்கல. மன்னிச்சிருங்க சித்தி, திருத்தம் போட்டு ஒரு துண்டுச்சீட்டு அடிச்சுப் புத்தகத்துல ஒட்டிர்றேன்னு அழுதான். மன்னிப்புக்கு சாமியார்கிட்ட போய் பாவசங்கீர்த்தனம் பண்ணு, எனக்குப் புதுசா அச்சடிச்ச புத்தகம் வேணும், கல்லறைத் திருநாளன்னைக்கு எங்க வீட்டுக்காரக கல்லறைகிட்ட நின்னு ஊர் கேக்க அத நீயே வாசின்னேன். சரின்னுட்டான்.

நீ வெறுங்கால்ல தரையில நடக்காத, மாப்பிள்ளைய நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. மாதா ஒங்க ரெண்டு பேரையும் காப்பாத்தட்டும். நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளு, வேற சோலி வச்சுக்காம வீடியோ கால்ல இரு. எங்கன அவனுக்குத் தொண்ட அடைச்சாலும் மறுபடி மொதல்ல இருந்து வாசிக்கச் சொல்லுவேன். அவன மன்னிச்சிரும்மான்னு சாமியாரும் சொல்லிவிட்டாக. அத மூணாம் தேதி யோசிப்போம்.

இப்படிக்கு,
இமானுவேல் சம்சாரம்,
உன் அம்மா மதலேனாள்