417-ஆம் எண் குழாயும் மீதமுள்ள ஐந்து ஊசிகளும்

அனுப்புநர்:
கருத்தரிப்பு மையப் பதிவு எண் 417,
(ஏழு மாதப் பெண் குழந்தையின் தாய்)

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
மருத்துவமனைகள் கண்காணிப்புப் பிரிவு,
நலவாழ்வுத் துறை

பொருள்: எனக்குப் போடாத ஊசிகளுக்கு என் எண்ணில் செய்தி வருவது – உறைநிலையிலுள்ள எங்கள் கருவை நேரில் சரிபார்க்க வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் எழுத உட்கார்ந்தால், "மறுபடியும் அதேதானா?" என்று என் கணவர் கேட்கிறார்.

1. சிகிச்சையில் எங்களுக்கு இரண்டு கருக்கள் உருவாயின. ஒன்று என் மகள். மற்றது 417 என்று எழுதிய குழாயில், மையத்தின் உறைபெட்டியில் இருக்கிறது. மகள் கருப்பையில் தங்குவதற்காக எழுபது நாள் புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டேன். எண்ணெய் மருந்து என்பதால் ஒரு நாள் இடது இடுப்பு, மறுநாள் வலது. மருந்துக் குப்பியை அக்குளில் வைத்துச் சூடாக்கியபடி, "அடைகாக்கிறது நான், பேரு மட்டும் உனக்கா?" என்பார் கணவர். அப்போது சிரித்தோம்.

2. இப்போது அறுபத்தைந்து நாட்களாக, இரவு ஒன்பது மணிக்கு மையத்திலிருந்து செய்தி வருகிறது. முதல் செய்தி: "417. நாள் 1. இடது. போடப்பட்டது." மறுநாள் வலது. நான் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை.

3. மையத்தின் வரவேற்பில் இருக்கும் பெண், "பழைய நம்பருக்குத் தானா போகுதும்மா, கண்டுக்காதீங்க" என்றார். ஆனால் எனக்கு ஊசி போட்ட செவிலியரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அங்கே வேலையை விட்டுவிட்டாராம். "ஊசி அட்டையை ஆள் பேர்ல திறக்க மாட்டோம்மா. பெட்டியிலிருந்து குழாயை எடுத்தாத்தான், அந்தக் குழாய் நம்பர்ல திறப்போம்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார். எந்த ஊர்ப் பேருந்து என்றுகூட அவர் பார்க்கவில்லை.

4. குழாயைக் காட்டச் சொன்னேன். பெட்டியைத் திறந்தால் மற்றவர்களுடையது கெட்டுவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

5. முப்பத்தெட்டாம் நாள் "கசிவு. இரண்டு பக்கமும்" என்று வந்தது. இரத்தக் கசிவு தெரிந்தால் அன்று இரண்டு இடுப்பிலும் ஊசி போடுவார்கள். மறுநாள் ஒன்பது மணிக்குச் செய்தி இல்லை. ஒன்பது நாற்பதுக்கு "இடது" என்று வந்தபோது வாய்விட்டு அழுதேன். "யாருக்கோ ஊசி போட்டா உனக்கென்ன?" என்றார் கணவர். எனக்கு ஊசி போட்ட இடத்துக் கட்டிகள் கரைந்து மாதக்கணக்காகிறது. இருந்தும் செய்தி எந்தப் பக்கம் சொல்கிறதோ, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. தாங்கள் நம்ப வேண்டும் என்பதில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

6. ஆகவே, தாங்கள் நேரில் வந்து அந்தக் குழாயைச் சரிபார்க்க வேண்டும். அது அங்கே இல்லையென்றால், யாருக்கு வைக்கப்பட்டது என்று கேட்டு அறிய வேண்டும். அந்தப் பெண் எதுவும் அறியாதவராக இருக்கலாம். தன் கரு என்றே நம்பி இரவுதோறும் வலி பொறுத்துக்கொண்டிருப்பார். விசாரணை என்ற பெயரில் அவருக்கு ஓர் ஊசிகூடத் தவறக் கூடாது. இதை என் முதல் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதாம் நாளோடு ஊசியை நிறுத்திவிடுவார்கள். கரு அதன்பின் தானாகவே வளரும். செய்தியும் நின்றுவிடும். பிறகு அது எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. இன்னும் ஐந்து இரவுகளே இருக்கின்றன.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இடம்: வீடு
நாள்: நவம்பர் 9, இரவு 1.20

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
417